வரியா, வயது வரம்பா, கடை உரிமமா? பள்ளிப் பிள்ளைகளிடம் புகையிலை போகாமல் தடுக்க எதில் தொடங்குவது

இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான பள்ளி மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று 2019-இல் எடுக்கப்பட்ட உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த எண்ணைவிட அதே அறிக்கையின் இன்னொரு வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சிகரெட் பிடித்த மாணவர்களில் 38 சதவீதம் பேரும், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம் பேரும், வாயில் அடக்கும் புகையிலைக்குப் பழகியவர்களில் 52 சதவீதம் பேரும் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கிவிட்டார்கள். பத்து வயதுப் பையன் பட்ஜெட் அறிக்கை படிப்பதில்லை. புற்றுநோய் மருத்துவமனையின் துண்டறிக்கையையும் படிப்பதில்லை. அவன் ஒரு கடைக்குப் போகிறான், அல்லது யாராவது அவனைக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

தமிழ்நாடு இதில் மெத்தனமாக இருக்க முடியாது. பெரியவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 2009-10-க்கும் 2016-17-க்கும் இடையே நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தபோது, இங்கே 16.2-இலிருந்து 20 ஆக உயர்ந்தது. நாட்டுச் சராசரியைவிடக் குறைவுதான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஊரே இறங்கும் படியில் நாம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தோம்.

ஒரு மாநில அரசு அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒரே வேலையை முதன்மையாக எடுத்துச் செய்வதென்றால் எதை எடுப்பது? எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய வேண்டும் என்பது கருத்தரங்கில் கைதட்டல் வாங்கும் பதில். களத்தில் சுகாதார ஆய்வாளருக்கு டெங்கு இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குக் கலப்பட எண்ணெய் இருக்கிறது, காவலருக்குத் திருவிழா பந்தோபஸ்து இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் சலித்துப் பார்க்கிறேன். பையன் முதல் சிகரெட்டை வாங்கும் இடம் வரை அது போய்ச் சேருகிறதா? அதைச் செய்யும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறதா? அறிவித்த நாளுக்குப் பிறகு அன்றாடம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

வரி: வலிமை அதிகம், சாவி டெல்லியில்

ஆராய்ச்சி ஆதாரத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் வரிக்குத்தான் முதலிடம். விலை பத்து சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்களிடம் அந்தத் தாக்கம் இன்னும் கூடுதல். தென்னாப்பிரிக்கா 1990-களில் வரியை விடாமல் ஏற்றியது. பத்தாண்டுகளில் சிகரெட் நுகர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அரசுக்கு வருமானமும் கூடியது. இப்படி இரண்டு பக்கமும் லாபம் தரும் சுகாதாரத் திட்டம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் கை கட்டப்பட்டுவிட்டது. அதற்கு முன் வாட் வரி மாநிலத்திடம் இருந்தது. ராஜஸ்தான் ஒரு கட்டத்தில் புகையிலைக்கு 65 சதவீதம் வரை வாட் விதித்துப் பார்த்தது. இன்று தமிழ்நாட்டின் நிதியமைச்சர் ஜிஎஸ்டி கவுன்சிலில் பல குரல்களில் ஒரு குரல். அந்தக் கவுன்சிலும் பல ஆண்டுகள் சிகரெட் வரியைப் பெரிதாகத் தொடவில்லை. மக்களின் வருமானம் ஏற ஏற, சிகரெட் உண்மையில் மலிவாகிக்கொண்டே வந்தது. 2026 பிப்ரவரி முதல் தேதியிலிருந்துதான் 40 சதவீத ஜிஎஸ்டியோடு, நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை கலால் வரியும் சேர்ந்திருக்கிறது. நல்ல செய்திதான்.

பீடியிடம் மட்டும் அதே கவுன்சில் இளகிவிட்டது. 28 சதவீதமாக இருந்த பீடி வரியை 18 ஆக்கும் முடிவை 2025 செப்டம்பரில் எடுத்தது. சிகரெட்டின் விலையில் வரி பாதிக்கும் சற்று மேல் இருந்த காலத்திலேயே பீடியின் விலையில் அது கால் பங்கைக்கூட எட்டியதில்லை. இப்போது இடைவெளி இன்னும் அகலும். ஒரு பெரிய சிகரெட்டின் விலையோடு சில ரூபாய் சேர்த்தால் ஒரு கட்டு பீடியே கிடைக்கும் என்றால், சிகரெட் விலையால் தடுக்கப்படும் பையன் எங்கே போவான் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பீடிக்கு வரி என்றதும் முன்னால் நிறுத்தப்படுபவர்கள் பெண்கள். முக்கூடல், ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: சுளகை மடியில் வைத்து, ஈர இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, விரல் நகத்தால் நுனியை மடக்கி, நூலால் கட்டிப் போடுவார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், விரல்கள் பார்க்காமலே வேலை செய்யும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் வாழ்வாதாரம் உண்மையான கேள்விதான். ஆனால் அவர்களுக்குக் கூலியை உயர்த்தாத ஒரு தொழில், வரி என்ற பேச்சு எழும்போது மட்டும் அவர்களைக் கேடயமாகப் பிடிப்பதை நான் ஏற்க மாட்டேன். பீடி வரியை ஏற்றி, அந்தப் பணத்தில் அந்தப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் என்று கேட்கும் துணிச்சல் இங்கே எந்தப் பெரிய கட்சிக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

வரியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வரி பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏறுகிறது. பையன் பாக்கெட் வாங்குவதில்லை. ஒன்று வாங்குகிறான். பாக்கெட்டில் இருபது ரூபாய் ஏறினால் அவனுக்கு ஏறுவது இரண்டு ரூபாய். அதையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். வரியை மட்டும் நம்பி ஏற்றிக்கொண்டே போய்க் கடைகளைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. அங்கே கள்ளச் சிகரெட் வியாபாரம் பெருகி, போட்டிக் கும்பல்கள் மெல்பர்னில் கடைகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது.

ஆகவே வரி, மாநில அரசு டெல்லியில் தொடர்ந்து கேட்க வேண்டிய விஷயம். சென்னையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை வேறு.

படமும் பாடமும்

அட்டைப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் தொடங்கி, 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இரு முகங்களிலும் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கை பிடித்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அதை ரத்து செய்ததும், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கலாம். உலக அளவில் பெரிய எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று. பழக்கத்தை விட விரும்புவோர் கட்டணமில்லாமல் அழைக்கும் 1800-11-2356 என்ற எண்ணும் 2018 முதல் அதிலேயே அச்சாகிறது. ஆனால் கடைக்காரர் பாக்கெட்டைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றை உருவிக் கொடுக்கிறார். பையனின் கைக்கு வருவது வெறும் வெள்ளைக் குழல். படமும் எண்ணும் கடைக்குள்ளேயே இருந்துவிடுகின்றன.

விழிப்புணர்வு பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன். உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. நம் பள்ளிகள் அப்போது கோடை விடுமுறையில் இருக்கும். உறுதிமொழியைப் பள்ளி திறந்த பிறகு ஒரு நாளில் எடுத்து, புகைப்படம் பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது. திரையரங்கில் படத்துக்கு முன் வந்த முகேஷ் விளம்பரத்தை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பயந்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. அதே வசனத்தைப் பையன்கள் வகுப்பில் நடித்துக் காட்டிச் சிரிப்பதும் உண்டு.

விழிப்புணர்வுப் பிரசாரம் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. எது வேலை செய்யும், எது செய்யாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான சோதனை நடந்தது. 1998-இல் பிலிப் மோரிஸ் நிறுவனமே தன் செலவில் "யோசி, புகைக்காதே" என்று இளைஞர்களுக்கு ஒரு விளம்பரத் தொடர் நடத்தியது. சிகரெட் விற்பவரே சிகரெட் வேண்டாம் என்கிறார், எவ்வளவு நல்ல மனது! 2002-இல் வெளிவந்த ஆய்வு, அந்த விளம்பரங்களைப் பார்த்த பிள்ளைகளுக்குப் புகைக்கும் எண்ணம் கூடியிருந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் "ட்ரூத்" என்ற எதிர்ப் பிரசாரம் நேர்மாறான பலன் தந்தது. அதில் பிள்ளைகளுக்கு அறிவுரை இல்லை. புகையிலை நிறுவனம் உன்னை ஏமாற்றுகிறது என்ற ஒரே செய்திதான். நியூயார்க்கில் அந்த நிறுவனத்தின் தலைமையகத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு நாளில் புகையிலையால் சாகிறவர்களின் கணக்காக 1,200 பிணப் பைகளைக் குவித்துக் காட்டினார்கள். பதினைந்து வயதுக்குக் கோபம் வரும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பள்ளிகளில் ஒட்டப்படும் சுவரொட்டிகள் பெரும்பாலும் முதல் வகை. தலைமையாசிரியர் குரலில் பேசுபவை.

அடியோடு தடை செய்தால்?

செய்து பார்த்தாயிற்று. தமிழ்நாட்டில் 2013 மே மாதம் முதல் குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தடை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கொரு முறை அறிவிக்கையைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தற்காலிக அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடையை நடத்துவதில் இருக்கும் சட்டச் சிக்கல் இது. சட்டத்தைவிடக் களம் மோசம். ஹான்ஸ் பாக்கெட்டும் கூல் லிப் டப்பாவும் கேட்டால் கிடைக்காத ஊர் உண்டா? அட்டையில் போட்ட விலையைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அவ்வளவுதான். உதட்டுக்குள் ஒதுக்கி வைத்தால் வகுப்பில் உட்கார்ந்தபடியே பயன்படுத்தலாம் என்பதால் கூல் லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எவ்வளவு பரவியது என்பது, 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்கும் அளவுக்குப் போனது. செங்குன்றம் கிடங்கில் தொடங்கி சிபிஐ வரை போன குட்கா லஞ்ச வழக்கு, தடை செய்த பொருளின் லாபம் யார் யார் கை வரை எட்டும் என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டிவிட்டது.

பூடான் 2004-இல் புகையிலை விற்பனையையே தடை செய்தது. எல்லை தாண்டிக் கடத்தல் வளர்ந்தது. கொரோனா காலத்தில் கடத்தல்காரர்களோடு தொற்றும் வரும் என்ற அச்சத்தில் தடையைத் தளர்த்தி, 2021-இல் சட்டத்தையே திருத்திக்கொண்டது. மதுவிலக்கின் வரலாறு தெரிந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

வயதை 21 ஆக்குவது

இப்போது உலகம் முழுவதும் பேசப்படுவது இந்த வழிதான். கர்நாடகம் 2003-ஆம் ஆண்டு மத்தியப் புகையிலைச் சட்டத்துக்குத் தன் திருத்தத்தைக் கொண்டுவந்து, 2025 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, புகையிலை வாங்கும் வயதை 18-இலிருந்து 21 ஆக உயர்த்திவிட்டது. மாநிலத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. இலங்கையில் 2006 முதலே 21 தான். சிங்கப்பூர் படிப்படியாக உயர்த்தி 2021-இல் 21-க்கு வந்தது.

இதன் தர்க்கம் எளிது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனோ கல்லூரி முதலாண்டு அண்ணனோதான். வயதை 21 ஆக்கினால் அந்தச் சங்கிலி அறுபடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நீடம் என்ற சிற்றூர் 2005-இலேயே இதைச் செய்தது. அங்கே 18 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்களில் புகைப்போர் 2006-இல் 13 சதவீதமாக இருந்து 2010-இல் 7 ஆனார்கள். சுற்று ஊர்களில் 15-இலிருந்து 12 ஆக மட்டுமே குறைந்தது.

இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட தேதிக்குப் பின் பிறந்த யாருக்கும் எந்த வயதிலும் விற்கக் கூடாது என்ற தலைமுறைத் தடை. நியூசிலாந்து 2022-இல் சட்டமே இயற்றி, ஆட்சி மாறியதும் நடைமுறைக்கு வரும் முன்பே 2024-இல் திரும்பப் பெற்றது. மாலத்தீவில் 2007 ஜனவரி முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 2025 நவம்பரிலிருந்து தடை. தூத்துக்குடியிலிருந்து கப்பல் போகும் தூரத்தில் இப்படி ஒரு சோதனை நடப்பதை நம் பத்திரிகைகள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை.

எனக்கு வயது வரம்பின் மேல் கோபமில்லை, சந்தேகம் உண்டு. இங்கே 18 என்ற வரம்பு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கடையில் நடப்பது இதுதான்: "யாருக்கு?" என்று கேட்பார் கடைக்காரர். "அப்பாவுக்கு" என்பான் பையன். இருவருக்கும் அது சடங்கு என்று தெரியும். வரம்பை 21 ஆக்கினால் அந்த உரையாடலில் எந்தச் சொல் மாறும்? நீடத்திலும் சிங்கப்பூரிலும் அது பலித்ததற்கு ஒரு காரணம், அங்கே விற்பவருக்கு இழக்க ஒன்று இருக்கிறது: உரிமம்.

கடை உரிமம்

தீபாவளிக்குப் பத்து நாள் பட்டாசு விற்க உரிமம் வேண்டும். தள்ளுவண்டியில் இட்லி விற்பவருக்கும் பதிவு வேண்டும். டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது என்பது அரசுக்குக் கதவு எண்ணோடு தெரியும். ஆனால் ஒரு நகராட்சியில் எத்தனை கடைகள் சிகரெட் விற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஆணையருக்கும் தெரியாது, காவல் ஆய்வாளருக்கும் தெரியாது. அந்தந்தப் பகுதிக்கு வேனில் சரக்கு போடும் விற்பனைப் பிரதிநிதிக்கு மட்டும் தெருத்தெருவாகத் தெரியும்.

பள்ளிக்கு நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கக் கூடாது என்பது விதி. சுற்றுச்சுவரிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். மஞ்சள் கோடு போடச் சொல்லி 2019-இல் வழிகாட்டுதலும் வந்தது. போட்ட கோடு சாலையைப் புதிதாகப் போட்டபோது தார்க்குள் போய்விட்டது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2003-இல் அது கொஞ்சமாவது வலித்திருக்கும். இன்று 200 ரூபாய்க்குப் பெரிய சிகரெட் பத்து வாங்குவதே இழுபறி. இன்னொரு பக்கம், சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. பெட்டிக்கடைப் பெரியவரை ஏழாண்டு உள்ளே வைக்க எந்தக் காவலருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். ஒன்று கொசுக்கடி, இன்னொன்று தூக்குமேடை. இடையில் எதுவுமே இல்லை. அந்த இடைவெளியில் உட்கார வேண்டியதுதான் உரிமம்: மீறினால் சில வாரம் விற்க முடியாது, மீண்டும் மீறினால் எப்போதும் முடியாது.

சிங்கப்பூரில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வயது குறைந்தவருக்கு விற்றுப் பிடிபட்டால் முதல் முறையே உரிமம் ஆறு மாதம் முடக்கம். வாங்கியவர் பள்ளிச் சீருடையில் இருந்தாலோ 12 வயதுக்குட்பட்டவர் என்றாலோ முதல் முறையே ரத்து. சீருடை என்ற சொல்லை விதிக்குள் கொண்டுவந்தவரைப் பாராட்ட வேண்டும். "வயது தெரியவில்லை ஐயா" என்ற சாக்கை அது அங்கேயே முடித்துவிடுகிறது. நம் ஊரில் சீருடை இல்லாத பள்ளியே கிடையாது.

உரிமம் வந்தால் உதிரி விற்பனைத் தடையும் அதோடு ஒட்டிக்கொள்ளலாம். தனியாக உதிரித் தடை போட்ட மாநிலங்கள் இருக்கின்றன. மகாராஷ்டிரம் 2020-இல் போட்டது. மும்பைத் தெருமுனைக் கடைகளில் அதற்குப் பிறகும் ஒற்றைச் சிகரெட் கிடைப்பதை யாரும் பார்க்கலாம். கடைக்காரருக்கு உதிரியில்தான் லாபம் என்பதை மறந்துவிடக் கூடாது. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது. ஒற்றையாக விற்றால் விலையை முழு ரூபாய்க்கு உயர்த்திக்கொள்ளலாம். அதோடு டீ, வாழைப்பழம், மிட்டாய் என்று சில்லறையும் கடையிலேயே நிற்கும். ஒரு நூலில் தொங்கும் லைட்டர், முன்பென்றால் சிமினி விளக்கும் கீறி வைத்த சிகரெட் அட்டைத் துண்டுகளும், இவையெல்லாம் ஒற்றைச் சிகரெட் வாடிக்கையாளருக்கான வசதிகள்தாம். இந்த வியாபாரத்தை வெறும் அறிவிப்பால் நிறுத்த முடியாது. உதிரி விற்றால் உரிமம் போகும் என்ற நிபந்தனையால் ஒருவேளை முடியும். இமாச்சலப் பிரதேசம் 2016-இல் இரண்டையும் ஒரே சட்டத்தில் சேர்த்தது அதனால்தான். உதிரி நின்றால் வரியேற்றம் பையனின் பையைச் சுடத் தொடங்கும். படமும் அவன் கண்ணில் படும்.

மத்தியச் சுகாதார அமைச்சகம் 2017 செப்டம்பரில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் இன்னொன்றையும் சொன்னது: புகையிலை விற்க உரிமம் பெறும் கடை மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் விற்கக் கூடாது. லக்னோ போன்ற சில மாநகராட்சிகள் உரிம முறையைக் கையில் எடுத்தன. ஹங்கேரி 2013-இல் இந்த உரிம முறையை உச்சம் வரை கொண்டுபோனது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் கிடைத்த சிகரெட், சில ஆயிரம் தனிக்கடைகளுக்குள் சுருங்கியது. 18 வயதுக்குட்பட்டவர் உள்ளே காலெடுத்து வைக்கவே முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2007-இல் ஆண்டு உரிமக் கட்டணத்தை 13 டாலருக்கும் குறைவிலிருந்து 200 டாலர் ஆக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் உரிமங்கள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. யாரையும் பிடிக்கவில்லை, எந்தக் கடைக்கும் பூட்டுப் போடவில்லை. ஒன்றிரண்டு பாக்கெட் விற்பவர்கள் இது தேவையா என்று கணக்குப் பார்த்து விலகிக்கொண்டார்கள்.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்ப்பு வரும். அவற்றில் இரண்டு நியாயமானவை.

முதலாவது, மாமூல். உரிமம் என்றாலே அதைக் கொடுக்க ஒரு மேசை, அதைக் காக்க ஒரு கை என்று பழகியவர்கள் நாம். குட்கா வழக்கைக் கண்ட மாநிலத்தில் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. என் பதில்: உரிமம் பெற்ற கடைகளின் பட்டியல் வார்டு வாரியாக வெளியில் தெரிய வேண்டும், கடை முகப்பில் எண் இருக்க வேண்டும், புகார் கொடுக்கும் உரிமை பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இருக்க வேண்டும். எண் இல்லாத கடை விற்றால் அது எல்லோருக்கும் தெரியும். இப்போது எல்லாக் கடையும் விற்பதால் எந்தக் கடை தவறு செய்கிறது என்பதே தெரிவதில்லை. மாமூல் முழுவதும் ஒழியும் என்று நான் சொல்லவில்லை. மறைவாக நடக்கும் குட்கா வியாபாரத்தைவிட இதைக் கண்காணிப்பது எளிது.

இரண்டாவது, பிழைப்பு. பெட்டிக்கடை நடத்துபவர்களில் கணவனை இழந்த பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் கணிசம். சிகரெட்டை எடுத்துவிட்டால் கடைக்கு ஆள் வராது என்று அவர்கள் சொன்னால் அதில் உண்மை உண்டு. வணிகர் சங்கங்கள் இதைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்கும். ஹங்கேரி போல ஒரே இரவில் சுருக்கினால் அடி அவர்கள் மேல்தான் விழும். ஆகவே இருக்கும் கடைகளுக்கு முதல் ஆண்டு பெயரளவுக் கட்டணம், பள்ளி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் உரிமம் மறுப்பு, புதிய உரிமம் இல்லை, கைமாற்றமும் இல்லை என்று போகலாம். கடைகள் மெல்லக் குறையட்டும். மிட்டாய், பிஸ்கட் தடையை முதல் நாளே போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது சின்னக் கடையை மூடி, பெரிய கடையை வளர்க்கும். இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசியதில், யாழ்ப்பாணம் உட்படப் பல ஊர்களில் கடைகள் தாமாகவே சிகரெட்டைக் கைவிட்டன. விற்பவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் தொடங்கினால் கிடைக்கும் பலன் அது.

மூன்றாவது, அரசுக்கு வருமானம் போகும் என்பது. நோயாளியின் செலவைக் கணக்கில் எடுக்காதவர்கள் பேசுவது. விட்டுவிடலாம்.

உரிமத்தால் எட்ட முடியாத இரண்டு இடங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று, வேப். 2019 முதல் நாடு முழுவதும் மின்சிகரெட்டுக்குத் தடை. ஆனாலும் அது கைப்பேசி வழியாக, கொரியர் பொட்டலமாக வருகிறது. பெட்டிக்கடையை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் அதைத் தொட முடியாது. சிங்கப்பூரே அதனோடு திணறிக்கொண்டிருக்கிறது. மற்றது, வீடு. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒன்று எடுப்பவனுக்கு எந்த உரிம அதிகாரியும் காவல் நிற்க முடியாது. அங்கே அப்பா விட்டால்தான் வழி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலை நிறுத்த உதவி மையம் இருக்கிறது. அப்படிப்பட்ட வசதி ஆரம்பச் சுகாதார நிலையம் வரை வர வேண்டும். மாணவனைப் பிடித்துப் பள்ளியை விட்டு நீக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சொல்: நீக்கப்பட்டவன் அடுத்த நாள் நிற்கப்போவது அதே கடை வாசலில்தான்.

என் வரிசை

முதலில் கடை உரிமம், அதன் நிபந்தனையாகவே உதிரித் தடை. அது ஓராண்டு ஓடிய பிறகு கர்நாடக வழியில் வயது 21. அதற்கு முன் வயதை உயர்த்துவது அறிவிப்புப் பலகையை மாற்றி எழுதும் செலவு மட்டுமே. ஜிஎஸ்டி கவுன்சிலில் பீடி வரியைச் சிகரெட்டுக்கு இணையாக்கத் தமிழ்நாடு கேட்க வேண்டும், பீடித் தொழிலாளருக்கான திட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். பிரசாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை உரிமச் சோதனைக்கு மாற்றலாம். மீதியில் தலைமையாசிரியர் குரல் இல்லாத விளம்பரம் எடுக்கலாம். தலைமுறைத் தடையை மாலத்தீவின் அனுபவம் சில ஆண்டுகள் தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இதை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதும் இல்லை. ஒரு நடுத்தர நகராட்சியை எடுத்து, ஏப்ரல், மே விடுமுறையில் வார்டு வார்டாக நடந்து, விற்கும் கடைகளை மட்டும் பட்டியலிடட்டும். பள்ளிகளின் சுற்றுச்சுவரிலிருந்து நூறு கஜத்தை வரைபடத்தில் வட்டமிட்டு, எத்தனை கடைகள் உள்ளே விழுகின்றன என்று எண்ணட்டும். பழைய நகரங்களில் ஒரு பள்ளியின் வட்டம் அடுத்த பள்ளியின் வட்டத்தோடு கலந்துவிடும், கடைத்தெரு முழுவதும் உள்ளே வந்துவிடும். அங்கேதான் நகராட்சியின் உறுதி சோதிக்கப்படும், வணிகர் சங்கத்தோடு பேச வேண்டிய முதல் இடமும் அதுதான். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தக் கடைகளுக்கு நோட்டீஸ் போயிருந்தால் போதும், மற்ற வார்டுகளை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.